வலது காதில் மட்டும் இரைச்சல்: நைனா கேசட்டும் ஆடாசிட்டியும்

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளை ஒரே ஒரு வேலைக்காக மூன்று வாரம் உட்கார்ந்து பயன்படுத்தினேன், அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த விமர்சனம். ஸ்டீரியோ பதிவில் ஒரு பக்கம் தெளிவாக இருக்கிறது, இன்னொரு பக்கம் ஒரே இரைச்சல், அதைக் கேட்கும்படி சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. வீட்டில் பழைய கேசட் வைத்திருக்கிறவர்களுக்கும், கல்யாண வீடியோவில் ஒரு பக்க மைக் மட்டும் சொதப்பியவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். நைனா (அப்பா) பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், ராத்திரியில் கானா பாடினார். வியாசர்பாடி, கல்மண்டபம், காசிமேடு என்று எங்கே யாருக்குப் பதினாறாம் நாள் காரியம் என்றாலும் ஆள் அனுப்புவார்கள், டோலக் அடிக்கிறவர் ஒருத்தர், தீப்பெட்டியில் தாளம் போடுகிறவர் ஒருத்தர், நைனா, இவ்வளவுதான் கோஷ்டி. விடிய விடிய பாடுவார். அவர் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது, குரல் மிச்சம் இருப்பது ஒரே ஒரு 60 நிமிட கேசட்டில். 1997ல் வியாசர்பாடியில் ஒரு பெரியவர் காரியத்தின்போது மாமா எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னைக் கொண்டுபோய் வைத்துப் பதிந்தது. அந்தப் பெட்டியில் இடது பக்கம் ஒரு மைக், வலது பக்கம் ஒரு மைக். வலது பக்கம் அப்போதே சரியில்லை, பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால்தான் ஒழுங்காகக் கேட்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். 700 ரூபாய் வாங்கிக்கொண்டு பென் டிரைவில் ஒரு எம்பி3 போட்டுக் கொடுத்தார்கள். "எல்லாம் கிளீன் பண்ணிட்டோம்மா, இரைச்சலே இருக்காது" என்றார்கள், உண்மைதான், இரைச்சல் இல்லை. ஆனால் அம்மா ஹெட்ஃபோனை மாட்டி அரை நிமிஷம்கூடக் கேட்கவில்லை, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாடி இது, உங்க நைனா கெணத்துக்குள்ள நின்னு பாடுறாரா?" என்று கேட்டார். அம்மா சொன்னது அப்படியே சரி. தீப்பெட்டி தாளம் காணாமல் போயிருந்தது, 'ச'வும் 'ஸ'வும் மழுங்கிப் போயிருந்தன, டோலக் அடி ஒவ்வொன்றுக்கும் பின்னால் தண்ணீரில் கல் விழுந்த மாதிரி ஒரு சளசளப்பு.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்த எம்பி3யை ஆடாசிட்டியில் திறந்ததும் தெரிந்துவிட்டது. இடதும் வலதும் அச்சு அசலாக ஒரே அலை. அதாவது இரண்டு சேனலையும் கலந்து ஒன்றாக்கி, அந்தக் கலவையின் மேல் இரைச்சல் நீக்கும் எஃபெக்டைக் கண்டபடி ஏற்றியிருக்கிறார்கள். இதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, நானும் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். எங்கள் பக்கம் குழாயில் சில நாள் கலங்கல் தண்ணீர் வரும், லாரித் தண்ணீர் நல்லதாக இருக்கும். ஒரு குடம் லாரித் தண்ணீரையும் ஒரு குடம் கலங்கலையும் ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டு அப்புறம் வடிகட்டுகிறேன் என்று யாராவது சொல்வார்களா? நல்ல குடத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இரண்டு சேனலிலும் சம அளவு இரைச்சல் இருந்து, அந்த இரைச்சல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக இருந்தால், கலப்பதில் லாபம் உண்டு. குரல் 6 டெசிபல் (ஒலி அளவைக் குறிக்கும் அலகு) கூடும், இரைச்சல் 3 டெசிபல்தான் கூடும், ஆக 3 டெசிபல் மிச்சம். ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் என்றால் இந்த லாபம் கிடையாது, சுத்தமாக இருந்த பக்கத்தையும் அழுக்காக்குவதுதான் நடக்கும். கேசட்டுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. கேசட் ஓட்டும் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் இடது தடமும் வலது தடமும் ஒரே கணத்தில் படிக்கப்படாது, நூலிழை முன்னே பின்னே வரும். அதைக் கலக்கும்போது உயர்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நைனாவின் 'ஸ' பாதி போனது இரைச்சல் நீக்கத்துக்கு முன்பே, அந்தக் கலவையிலேயே என்று நினைக்கிறேன்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு கேசட் டெக் கிடந்தது, பின்பக்கம் சிவப்பு, வெள்ளை இரண்டு ஓட்டை உள்ளது. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் இதைச் சொருகி ஏமாறாதீர்கள், பெரும்பாலும் அது மோனோதான், அதாவது ஒரே சேனல், மலிவு விலை யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் இருக்கும் மைக் ஓட்டையும் அப்படியே. சிவப்பு வெள்ளை இரண்டுக்கும் தனித்தனி உள்ளீடு இருக்கிற யுஎஸ்பி பெட்டிதான் வேண்டும். பதிந்த பிறகு திரையில் இரண்டு அலையும் கொஞ்சம்கூட மாறாமல் ஒன்றாக இருந்தால், உங்களுக்குக் கிடைத்தது ஸ்டீரியோ அல்ல என்று அர்த்தம். ஆடாசிட்டியிலும் பதிவு சேனல் 2 என்று வைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிவில் வலது பக்கம் கேட்கவே முடியவில்லை. இஸ்ஸ் என்று ஓர் இரைச்சல், நடுநடுவே டர்ர் என்று ஒரு வெடிப்பு, அடியில் ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். இதையெல்லாம் மென்பொருளால் நீக்கலாம் என்று அப்போதே எஃபெக்ட் மெனுவுக்குப் போயிருந்தால் என் பதிவும் கடைக்காரர் பதிவு மாதிரிதான் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் ஒரு சோதனை, இதற்குச் செலவே கிடையாது: டெக்கின் பின்னால் சிவப்பு பின்னையும் வெள்ளைப் பின்னையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். இரைச்சல் இடது பக்கத்துக்குத் தாவினால் கோளாறு டெக்கிலோ கேசட்டிலோ இருக்கிறது. வலது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் வயரில், அல்லது வயருக்கு அப்புறம் இருப்பதில்.

எனக்கு டர்ர் சத்தம் நகரவில்லை, இஸ்ஸ் நகர்ந்தது. வயரின் சிவப்புப் பின்னைப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற வீடுகளில் இது சகஜம், உப்புக் காற்றில் எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் ஸ்பிரிங்கூட வருஷத்துக்கு ஒருமுறை பச்சையாகிவிடும். பர்மா பஜாரில் 120 ரூபாய்க்குப் புது வயர், டெக்கின் ஓட்டைகளைத் துடைக்கக் கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால், டர்ர் சத்தம் முழுசாகப் போய்விட்டது. (பர்மா பஜார் போனால் பர்மிய நூடுல்ஸான அத்தோ சாப்பிடாமல் வராதீர்கள், அது தனி விமர்சனம்.) ம்ம்ம் ரீங்காரம் லேப்டாப் சார்ஜரால் வந்தது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளான 100, 150ம் பதிவில் ஏறிவிடும், நாட்ச் ஃபில்டர் என்று ஒன்று ஆடாசிட்டியில் இதற்கென்றே இருக்கிறது, ஆனால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டியதுமே சத்தம் அடங்கியதால் எனக்கு அது தேவைப்படவில்லை.

மிச்சம் இருந்தது இஸ்ஸ். வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் வலது பக்கம் கொஞ்சம் மந்தமாக இருந்தது, ஆக ஹெட்டில் அழுக்கு. பஞ்சு சுற்றிய குச்சியை அதே ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால் பழுப்பு நிறத்தில் வழித்துக்கொண்டு வந்தது. ஸ்டீரியோ கேசட்டில் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நாடாவில் நான்கு தடம் ஓடுகிறது, பக்கத்துக்கு இரண்டு. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு துளி அழுக்கு உட்கார்ந்தாலும் ஒரு சேனல் மட்டும் கெட்டுவிடும். துடைத்தபின் மற்ற கேசட் சரியாகிவிட்டது, நைனா கேசட்டில் மட்டும் வலது பக்க இரைச்சல் அப்படியே இருந்தது. அதாவது அது 1997லேயே நாடாவில் ஏறிவிட்டது. இனிமேல்தான் மென்பொருளின் வேலை.

இங்கே ஆடாசிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் வந்துகொண்டிருக்கிறது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்கும் தொடங்கியது, அன்றிலிருந்து இலவசம், மூல நிரலும் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். என் லேப்டாப் எட்டு வருஷப் பழசு, 4 ஜிபி ராம், அதிலும் திணறாமல் ஓடியது. பார்க்க அழகாக இருக்காது. மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். தடத்தின் பெயர்மேல் சொடுக்கினால் ஒரு பட்டியல் விழும், அதில் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டிராக் என்று ஒன்றும், ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ என்று ஒன்றும் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பிரிந்த இரண்டும் அதனதன் காதிலேயே கேட்கும், இரண்டாவதில் ஒவ்வொன்றும் இரண்டு காதிலும் கேட்கும். நமக்கு இரண்டாவது. பிரித்ததும் வலதை மியூட் செய்துவிட்டு இடதை மட்டும் ஓடவிட்டேன்.

அறைக்குள் நைனா வந்து நின்ற மாதிரி இருந்தது. குரல் கொஞ்சம்கூடக் கெடவில்லை. தீப்பெட்டி சரக் சரக் என்று தனியாகக் கேட்டது, பல்லவிக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எந்த எஃபெக்டும் போடவில்லை, கெட்ட பக்கத்தை நிறுத்தியது மட்டும்தான். 700 ரூபாய் கொடுத்த இடத்தில் இந்த ஒரு சொடுக்கைச் செய்திருந்தால் போதும். ஒரு பக்கம் முழுசாக நன்றாக இருந்தால் உங்கள் வேலையும் இங்கேயே முடிந்தது, கெட்ட தடத்தை நீக்கிவிட்டு நல்லதை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள், இரண்டு காதிலும் கேட்கும். அகலம் போய்விடும், குரலும் டோலக்கும் ஒரே இடத்தில் நடுவில் கேட்கும், அதற்கு மனசைத் தயார்செய்துகொள்ள வேண்டும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் என் வேலை இங்கே முடியவில்லை. பதினான்காவது நிமிடத்தில் இடது பக்கம் திடீரென்று அமுங்கி, விட்டு விட்டு வந்து, சுமார் 40 விநாடி ஒன்றுமே இல்லை. கேசட்டைத் திறந்து பென்சிலால் சுற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் நாடாவின் ஓரம் மடங்கிச் சுருங்கியிருந்தது, எப்போதோ டெக்கில் சிக்கியிருக்கிறது. ஓரம் மடங்கினால் ஓரத்தில் ஓடும் தடம் போகும், உள்ளே ஓடும் தடம் பிழைத்துக்கொள்ளும். உள்ளே ஓடியது வலது, நான் தூக்கியெறிய இருந்த அதே வலது. அதனால் பிரித்த தடம் எதையும் வேலை முழுசாக முடியும்வரை அழிக்காதீர்கள், மியூட் மட்டும் செய்யுங்கள்.

அந்த 40 விநாடிக்கு வலது தடத்தில் வேலை செய்தேன். நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற எஃபெக்டுக்கு முதலில் வெறும் இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டைக் காட்ட வேண்டும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு விநாடி கிடைத்தது. அந்தத் துண்டு அதே சேனலில் இருந்துதான் எடுக்கப்பட வேண்டும், இடது தடத்தின் அமைதியைக் காட்டி வலது தடத்தைத் துடைக்க முடியாது. அப்புறம் எவ்வளவு குறைப்பது என்று கேட்கும். இங்கேதான் கை கட்டுப்பாடு வேண்டும். 24 டெசிபல் வைத்தால் இரைச்சல் மாயமாகும், கூடவே கிணற்றுக் குரலும் வந்துவிடும். 6ல் தொடங்கினேன், 6 டெசிபல் என்றாலே இரைச்சலின் வீச்சு பாதியாகிவிடும், கடைசியில் 9ல் நின்றேன். அதே பெட்டியில் ரெசிட்யூ என்று ஒரு தேர்வு இருக்கிறது, இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். எதை நீக்கப் போகிறதோ அதை மட்டும் நமக்குப் போட்டுக் காட்டும். அதில் வெறும் இஸ்ஸ் கேட்டால் சரி. 12க்கு ஏற்றியபோது அதில் நைனாவின் குரல் நிழல் மாதிரி கேட்டது, உடனே இறக்கிவிட்டேன். கடைக்காரர்கள் இந்த ஒரு பொத்தானைப் பழகினாலே எத்தனையோ வீட்டுக் குரல்கள் பிழைக்கும்.

ஒரு தலைகீழ் வித்தையும் சொல்வார்கள், ஒரு சேனலை இன்வர்ட் செய்து இன்னொன்றோடு கூட்டினால் இரைச்சல் அழியும் என்று. இரண்டு பக்கமும் ஒரே இரைச்சல் ஒரே நேரத்தில் இருந்தால்தான் அது அழியும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அழிவது நடுவில் இருக்கிற குரல்தான். நான் முயன்று பார்த்தேன், நைனா பாதி போய் இரைச்சல் அப்படியே நின்றது.

வலது தடத்தில் குரல் கொஞ்சம் மெலிந்திருந்ததால் 4 டெசிபல் ஏற்றினேன், அந்த 40 விநாடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கண்ட்ரோல் எல் அழுத்தி மௌனமாக்கினேன். இரண்டும் ஒரே பதிவிலிருந்து பிரிந்தவை என்பதால் நேரம் பிசகவில்லை. இரண்டு முனையிலும் அரை விநாடி ஒன்று ஏற, ஒன்று இறங்கும்படி கிராஸ்ஃபேட் வைத்தால் ஒட்டுப்போட்ட இடம் துருத்தாது. அங்கங்கே இருந்த சின்னச் சின்ன 'டப்' சத்தங்களுக்கு ரிப்பேர் எஃபெக்ட், அது ஒரு தடவைக்கு 128 சாம்பிளுக்கு (ஒலி அலையின் மிகச் சிறிய புள்ளிகள்) மேல் எடுத்துக்கொள்ளாது, நன்றாக உருப்பெருக்கிப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும், எனக்கு இதற்கே இரண்டு ராத்திரி ஆனது.

இன்டெல் வெளியிட்ட இலவச ஏஐ பிளகின் (கூடுதல் துணைமென்பொருள்) ஒன்றும் ஆடாசிட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் இரைச்சல் நீக்கம் பேச்சுக்கு என்று பழக்கப்பட்டது, டோலக்கையும் இரைச்சல் என்று நினைத்து எடுத்துவிட்டது. பேட்டி, சொற்பொழிவு மாதிரிப் பதிவுகளுக்கு வேண்டுமானால் முயலுங்கள், கானாவுக்கு வேண்டாம்.

குறைகள் என்று பார்த்தால், ஸ்டீரியோ தடத்தைப் பிரிக்காமல் ஒரு சேனலுக்கு மட்டும் எஃபெக்ட் போட வழியில்லை, ஒவ்வொரு தடவையும் பிரி, சேர் என்று அலைய வேண்டியிருக்கிறது. ஓடவிட்டுக்கொண்டே எஃபெக்டை மாற்றிக் கேட்கும் வசதி 2022ல் 3.2 பதிப்பில் வந்துவிட்டது, ஆனால் நமக்கு முக்கியமான நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு அது இல்லை, போடு, கேள், பிடிக்காவிட்டால் கண்ட்ரோல் இசட். 2021ல் ம்யூஸ் என்ற மென்பொருள் குழுமம் ஆடாசிட்டியை எடுத்துக்கொண்டபோது, பயனர் தகவல்களைச் சேகரிப்பார்களோ என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது, அப்புறம் அவர்கள் விதிகளை மாற்றி எழுதினார்கள். நான் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத்தான் வேலை செய்தேன், எந்த வசதியும் குறையவில்லை. மென்பொருளை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள், அதே பெயரில் போலித் தளங்கள் திரிகின்றன.

இன்னொன்று, எம்பி3யாக மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும். கடையிலிருந்து எம்பி3 மட்டும் வாங்கி வந்தால் பின்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது. கைவைக்காத, சுருக்கப்படாத ஸ்டீரியோ வேவ் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி வரும், இன்றைக்கு அது ஒரு இடமே இல்லை.

முடித்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பதினான்காவது நிமிடம் வந்ததும் வலது தடம் ஏறியது, கொஞ்சம் இஸ்ஸ் என்றது, நைனா பாட்டை நிறுத்தி இருமினார், அப்போது ஒரு பெண் குரல், "வெந்நி கொண்டாரட்டா?" என்றது. அந்த டூ-இன்-ஒன்னின் வலது பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம். நான் அந்த 40 விநாடியை நூறு தடவை கேட்டிருப்பேன், இரைச்சலின் அளவையே கவனித்துக்கொண்டிருந்ததில் யார் குரல் என்று யோசிக்கவே இல்லை. அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி, "அது நான்டி" என்றார்.

மறுநாள் கைவைக்காத பதிவிலிருந்து வலது தடத்தை முழு ஒரு மணி நேரமும் தனியாக, எதையும் குறைக்காமல், இன்னொரு கோப்பாக ஏற்றுமதி செய்து அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். அதில் இன்னும் நான்கு இடத்தில் அம்மா பேசுகிறார்.